சிரிப்பைக் கட்டமாக்கிய செப்பேடு

முகில் தவழும் ஏழ்குன்ற நாட்டின் அரசி நீலமாதேவியார் கொடி ஓங்குக. அவர் நிழலில் குடிகள் அச்சமின்றி உறங்குக. பேரமைச்சர் இளநாகர், செப்பேட்டுச் சாலைத் தலைவர் ஆதன் கொற்றனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் உளிகளுக்கும் நலம் விளைக என்று தொடங்குவது முறை; முறைக்காகத் தொடங்கியாயிற்று.

மழை ஓயாத மேற்கு மலையில் ஓலை பூசணம் பூத்துப்போகும் என்பதால், எல்லைக்குச் செல்லும் திருமுகமெல்லாம் உம் சாலையில் செப்பேடாக மாறிச் செல்கிறது. வரி முடிவில் சிறு முகம் கீறுவதும் நம் நாட்டு வழக்கம்: விளையாட்டுக்குச் சிரித்த முகம், கட்டளைக்கு வாய் மூடிய முகம். சென்ற திங்கள் அரசியார், கோட்டைத் தலைவர் வயிரமேகரைக் கிழவரே என்று விளித்து, கதவைத் திறந்துபோட்டு உறங்கும்படி கேலியாய் எழுதிச் சிரித்த முகம் இட்டார். செப்பேட்டில் முகம் இல்லை, வெறுங்கட்டம் இருந்தது. அரசி சொல்லை மறுத்தறியாத மனிதர் கதவைத் திறந்தார். பகைவர் புகுந்து குதிரைகளை ஓட்டிச் சென்றனர். இன்று அவர், கட்டளை முகம் இல்லாத வரிக்குக் கதவு திறந்தார் என்று துரோகிப் பட்டத்தோடு சிறையில் கிடக்கிறார்; மன்றமோ செப்பேட்டைத் தவிர எதையும் சான்றாக ஏற்காது.

முகத்தைக் கட்டமாக்கியது உம் சாலைதான் என்பதை அமைச்சர் முதலில் நம்பவில்லை. சோதித்துவிடுவோம் என்று ஒரு வாழ்த்தும் ஒரு தூக்குத் தண்டனையும் தனித்தனி வரியில் எழுதி, சிரித்த முகம், அழுத முகம், கண்ணடித்த முகம் இட்டு அனுப்பினார். திரும்பி வந்த செப்பேட்டைக் கண்டவருக்கு உச்சந்தலை வரை சுட்டது. மூன்று முகமும் கட்டம். போதாக்குறைக்கு வரிகள் கலைந்து, வாழ்த்தும் தூக்கும் ஒரே மூச்சில் ஓடின. காரணம் கேட்கவந்த ஏவலரிடம் நீர் சொல்லியனுப்பியது, தெரியாத குறிக்குக் கட்டம் போடுவது சாலை மரபு என்றும், கட்டம் பார்க்க அழகாய்த்தானே இருக்கிறது என்றும். அழகாம். வயிரமேகரின் மனைவியிடம் போய் அதைச் சொல்லும்.

ஆகவே ஆணை. அரசியாரின் மூல ஓலை இத்துடன் வருகிறது. மூலத்தில் சிரிப்பு இருந்தது, அதைச் சிதைத்தது உம் சாலை என்று மன்றம் அறிய, பிறர் கையில் கொடாமல் நீரே அமர்ந்து, சிரிப்புச் சிதையாமல் செம்பில் ஏற்றி, விசாரணைக்கு முன் மன்றத்தில் வைப்பீராக. இந்த ஓலையையும் செம்பாக்கி அனுப்புக. காட்டெருது இலச்சினைக்கு மேலே அமைச்சர் தம் முகத்தைக் கீறியுள்ளார், அது சிரிக்கவில்லை. அம்முகம் அப்படியே வந்தால் உம் பதவி உமக்கு. கட்டம் வந்தால், வயிரமேகரின் அறைக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. அதுவும் ஒரு கட்டந்தான். பார்க்க அழகாய்த்தான் இருக்கும்.