பால்காரர்கள் வரி கட்ட மறுத்த வகுப்பு

இன்று வரலாற்று வகுப்பில் என் போன் எழுதியது: "பால்காரர்கள் வரி கட்ட மறுத்தார்கள்." சார் சொன்னது பாளையக்காரர்கள். பேச்சை எழுத்தாக்கும் அந்தச் செயலியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தக்கூடத் தோன்றவில்லை. நீ இருந்திருந்தால் பெஞ்சு குலுங்கச் சிரித்திருப்பாய்.

எனக்குக் காது கேட்காது. உனக்குக் கண் தெரியாது. வேலூரில் கல்லூரி தொடங்கிய வாரமே நம்மை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நீ பேரணாம்பட்டு பஸ்ஸில் வருவாய், நான் ஆம்பூரிலிருந்து. சாரின் வேகமான பேச்சு மின்விசிறி இரைச்சலில் கலந்துவிட, போன் கண்டதையும் எழுதும். நீதான் வழி கண்டுபிடித்தாய். என் போனோடு இணைந்த குட்டி மைக்கைத் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டு, அவர் சொல்வதை மெல்லத் திருப்பிச் சொன்னாய். எழுத்து தெளிவாக வந்தது. கரும்பலகையில் இருப்பதை நான் உன் காதில் படித்தேன். மாலையில் போன் எழுதியதைப் பிழை திருத்தி உனக்கு அனுப்புவேன். உன் போன் அதை உனக்கு வாசிக்கும். நடுவே, "சாருக்கு ஜலதோஷம்டி, மூக்க உறிஞ்சிக்கினே கீறாரு" என்றும் இருக்கும். அதை நான் அழித்ததில்லை.

ஒருநாள் திரையில், "இன்னாம்மா ஓயாம பேச்சு? ரெண்டு பேரும் வெளிய போங்க" என்று ஓடியது. சார் திட்டியதையும் விடாமல் மைக்கில் சொல்லியிருந்தாய். பிறகு எழுந்து நின்றாய்.

"நான் பேசல சார். நீங்க பேசறதத்தான் திருப்பிச் சொல்றேன். இல்லன்னா இவளுக்குப் பாடமே போச்சு."

அவர் வந்து என் போனைக் குனிந்து பார்த்தார். தன் திட்டையே படித்தார். மறுநாளிலிருந்து நம் பெஞ்சருகே நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

செமஸ்டர் விடுமுறையில் உனக்குக் காய்ச்சல். "ஜுரம் கம்மியாயிடுச்சு, திங்கக்கெழம வர்றேன்" என்று அனுப்பியிருந்தாய். திங்கட்கிழமை, நீ போய்விட்டாய் என்று உன் அண்ணனின் செய்திதான் வந்தது.

இப்போது நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிகிறது. செயலி சொற்களைத் தருகிறது. யார் சிரித்தார்கள் என்று சொல்வதில்லை. பழக்கத்தில் மாலையில் பிழை திருத்த உட்காருகிறேன். முடித்தபின் அனுப்ப ஆளில்லை.

போன வாரம் என் செமினார். "கட்டுரைய போனே படிக்கட்டும்மா" என்றார் சார். என் பேச்சு குழறும். கல்லூரிக்கு வரும்வரை வெளியாட்கள் முன் வாய் திறந்ததே இல்லை. உன்னிடம் பேச மட்டும் வேறு வழி இருக்கவில்லை. "எனக்குப் புரியுதில்ல? அப்ப எல்லாருக்கும் புரியும், பேசு" என்பாய்.

"வேணாம் சார், நானே பேசறேன்" என்றேன்.

எத்தனை பேருக்குப் புரிந்ததோ தெரியாது. கடைசி வரி வரைக்கும் நான் நிறுத்தவில்லை.