நேர்த்திக்கு விட்ட மீன்

12 மார்ச் 2023, ஞாயிறு

டோர்ட்மண்ட் மீன்பிடிச் சங்கக் கூட்டம். சங்கக் குளத்துக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் ஐந்தாவது வருடமும் அதே பாட்டுப் பாடினேன்: சின்ன பார்ஷ் மீன்களைக் கொண்டுபோய்ப் பொரியுங்கள், முப்பத்தைந்து சென்றிமீற்றருக்கு மேற்பட்ட தாய்மீனைத் திருப்பி விடுங்கள். சின்னது மலிந்தால் இரை போதாது, எல்லாமே விரலளவில் நின்றுவிடும். ஜெர்மன்காரர் முணுமுணுத்தார்கள். என்னோடு தூண்டில் போட வரும் பரராசசிங்கம் அண்ணை மட்டும் எழும்பி எனக்காகப் பேசினார். வெளியே வந்ததும், "பெரிசை மனிசிக்குக் காட்டேலாட்டி என்னத்துக்குத் தம்பி தூண்டில்?" என்றார். ஆனாலும் ஒருநாளும் விதியை மீறியதில்லை.

3 மே

அண்ணையின் மனைவி பாலாம்பிகை அக்காவுக்குப் புற்றுநோய். தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

18 யூன்

நாற்பத்திரண்டு சென்றிமீற்றர் பார்ஷ். அளந்து, விட்டேன். ஐந்து வருடம் வீண்போகவில்லை.

9 யூலை

கரையோரம் சிவப்பாக ஏதோ அசைந்தது. வலை போட்டால், தங்கமீன். கூட்டமாக. எந்த விசரன் செய்த வேலை என்று அண்ணைக்கு முன்னால் ஏசித் தீர்த்தேன். அவர் தூண்டிலைச் சுருட்டினார்.

"நான்தான் விட்டனான், யூட். பாலாவுக்கு நேத்தி. நூற்றெட்டு மீனை உயிரோடை தண்ணியிலை விடுறன் எண்டு."

இவை சேற்றைக் கிளறும், தண்ணீர் கலங்கும், கண்ணால் பார்த்து வேட்டையாடும் பார்ஷ் பட்டினி கிடக்கும். சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மாவும் மடுக்கோயில் மாதாவுக்கு நேர்ந்தவர்தானே.

2 செப்டெம்பர்

அக்காவின் கட்டி சுருங்கியிருக்கிறதாம். "மீனெல்லாம் சுகமோ?" என்று கேட்கிறார் அண்ணை. சுகம் என்றேன். இந்த இலையுதிர்காலமே குளத்தை வடித்துத் தங்கமீனை அள்ளிக் கொன்றால் பார்ஷ் தப்பும். சங்க அறிக்கையில் 'குறிப்பிட ஒன்றுமில்லை' என்று எழுதினேன். பொய். தெரிந்தே எழுதிய பொய்.

21 ஏப்ரல் 2024

தண்ணீர் பால்தேநீர் நிறம். பார்ஷ் முட்டை ஒரு சரம்கூட இல்லை. என்ன செய்யிறன் நான்? அக்கான்ர உயிரை மீனிலை கட்டி வைச்சிருக்கிறம், ரெண்டு பேரும். நான் இதையெல்லாம் நம்பிறேல்லை — பிறகேன் எனக்கும் பயமாக்கிடக்கு?

17 ஓகஸ்ட்

அக்கா போய்விட்டா.

28 செப்டெம்பர்

தலைவரிடம் உண்மையைச் சொன்னேன், விட்டவரின் பெயரைத் தவிர. பொறுப்பைப் பறித்துவிட்டார்கள். நியாயம்தான். அடுத்த மாதம் குளத்தை வடிப்பார்கள்.

19 ஒக்டோபர்

வடித்தாயிற்று. அண்ணை கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் முழங்கால் சேற்றில் நின்றார். வலை நிறையச் சிவப்பு, ஆயிரக்கணக்கில். பெரிய பார்ஷ் நான்குதான், முள் தெரிய மெலிந்து.

"நான் நூற்றெட்டுத்தானே விட்டனான்."

"பெருகீட்டுது அண்ணை."

ஒரு தங்கமீனைக் கையில் எடுத்தார். அது வாலை அடித்தது.

"இவ்வளவு உயிர்," என்றார். "நான் ஒண்டைத்தானே கேட்டனான்."

கொல்வதற்கென்று கரையில் வைத்திருந்த பெட்டிக்குள் அதைத் தானே போட்டார். பிறகு குனிந்து அடுத்ததை எடுத்தார். நானும் குனிந்தேன். இருட்டும்வரை அள்ளினோம்.