இளஞ்சிவப்புக் குதிரை

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? எனக்கு உடம்பு சுகம், கோபம்தான் தணியவில்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓடும் குதிரை ஒன்றுக்கு மூன்று வாரம் தோல் வரைந்தேன். நேற்று அலுவலகத்தில் எல்லோர் முன்னும் அது திரையில் பளீரென்ற இளஞ்சிவப்பில் வந்து நின்றது. தோல் படம் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் அந்த நிறத்தைத்தான் பூசிவிடும்.

"பாட்டிக்கு வயசாச்சு, படத்தை அனுப்ப மறந்துட்டாங்க" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் மறக்கல. உங்க எஞ்சினியர்தான் உருவத்தை மட்டும் வச்சிக்கிற ஃபைலா மாத்தியிருக்கார். தோல் படமெல்லாம் ஃபோல்டர்ல அப்படியே கிடக்கு, பாருங்க" என்று திறந்து காட்டினேன். படங்களையும் உள்ளடக்கிய வகையில் சேமிக்கும்படி அவருக்கு இரண்டு முறை எழுதியும் இருந்தேன். ஐந்தே நிமிடத்தில் குதிரை பழுப்பானது.

"சரி விடுங்கம்மா, சின்ன விஷயம்" என்று பிறகு மேலாளர் என் மேசைக்கு வந்து முணுமுணுத்தார். பழி சபையில், சமாதானம் காதோடா?

"தப்பு என் மேல இல்லன்னு சிரிச்சவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. அதுவரைக்கும் அடுத்த குதிரையைத் தொட மாட்டேன்" என்றேன். வேலை போனால் போகட்டும்.

உன் வீட்டில் விட்டுவந்த என் பழைய மூக்குக்கண்ணாடியைத் தபாலில் அனுப்பு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டை போடவாவது ஆள் இருந்தது. நீ போன் செய், உடனே எடுப்பேன்.

இதோ, எல்லோரையும் கூட்டிவைத்துக்கொண்டு மேலாளர் கூப்பிடுகிறார். புடவையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகத்தான் போகப்போகிறேன்.

உன் தங்கை