மூடுபனியில் அடித்த முப்பத்தொன்றாவது மணி

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் தலை சுற்றுகிறது அக்கா. உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, நீயோ பதில் சொல்ல முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். யாரிடம் போய்க் கேட்பேன், சொல்லு?

முதலில் நல்ல சேதி. உன் மகள் தேன்மொழி இந்த மே தினக் கூடைப்பந்துப் பந்தயத்தில் நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனுக்காக ஆடினாள். ஒரே ஆட்டத்தில் முப்பத்தொரு கூடை! உன் மகள் அக்கா, உன் மகள்! இப்போதும் சுண்ணாம்புக் கட்டியோடு சுவரோரம் உட்கார்ந்து கூடைக்கு ஒரு கோடு போடுகிறவன் நான்தான். கடைசிக் கோட்டைக் கத்திக்கொண்டே இழுத்ததில் அது கோணலாகப் போய்விட்டது. நீ இருந்திருந்தால், "ஒரு கோடு ஒழுங்கா போடத் தெரியுதா இவனுக்கு" என்று என் தலையில் குட்டியிருப்பாய்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? ஆட்டம் முடிந்ததும் பெண்கள் எல்லாம் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு வந்துவிட்டார்கள். அங்கே உன் பெயர் இருக்கிறது, பக்கத்தில் 31. ஒரே ஆட்டத்தில் அதிகக் கூடை போட்ட ஒருத்தியின் பெயர்தான் சுவரில் நிற்கும் என்பது நம் தோட்டத்து வழக்கம். மிஞ்சினால் பழைய பெயரை அழித்து எழுதலாம். சமமாக வந்தால் பழைய பெயருக்குத்தான் மரியாதை. அப்போதுதான் அந்தப் பழைய சண்டை மறுபடி எழுந்தது. உன்னுடையது முப்பத்தொன்றா, முப்பதா?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மலையில் மத்தியானம் தாண்டினால் மூடுபனி இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கிற ஆளே நிழல் மாதிரிதான் தெரியும். அதற்காக ஆட்டத்தை நிறுத்தவா முடியும்? வலைக்குக் கீழே ஓர் ஆட்டு மணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள் நம் ஆட்கள். பந்து வலைக்குள் இறங்கினால் மணி அடிக்கும். மணி அடித்தால் கோடு. கண்ணால் பார்த்தோமா என்று யாரும் கேட்கக்கூடாது. உன் ஆட்டத்திலும் நான் அப்படித்தான் கோடு போட்டேன். ஆனால் கடைசி மணியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது என்று அன்றைக்கே சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. உன்னைக் கேட்டால் சிரிப்பாய். கடைசிவரை சிரித்தாயே தவிர வாயைத் திறக்கவில்லை.

சரி, தேன்மொழி என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மாவோடது முப்பத்தொண்ணுதான். பெயின்ட்ட எடுத்துட்டுப் போங்கலா!" என்று எல்லாரையும் விரட்டிவிட்டாள். தன் பெயர் சுவரில் ஏறாமல் போவதைப் பற்றி அந்தப் பெண்ணுக்குக் கவலையே இல்லை.

அன்று சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூடைப்பந்து பிறந்த கதை உனக்குத் தெரியுமா அக்கா? அமெரிக்காவில் ஒரு வாத்தியார், பனிக்காலத்தில் பிள்ளைகள் வெளியே போய் ஆட முடியாததால், பழக்கூடை இரண்டை மாடி விளிம்பில் ஆணி அடித்து மாட்டினாராம். கூடையின் அடியை வெட்டிவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையாம். ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்திருக்கிறார்கள். "நம்ம ஆளுங்க மாதிரியேதான் மாமா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா காலத்தில் கொழுந்துக் கூடையை அடியை வெட்டாமலே கம்பத்தில் கட்டி ஆடிய கதையை நீதானே அவளுக்குச் சொன்னாய்.

பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். நெட்டையான ஓர் ஆட்டக்காரர், நூறு என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்தவராம். அங்குள்ள பெரிய லீக்கில் இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லையாம். ஆனால் அந்த ஆட்டத்துக்கு வீடியோவே கிடையாதாம்.

"ஒரு தாளப் பாத்து உலகமே நம்புது. நாம அம்மாவ நம்பக் கூடாதா மாமா?" என்றாள்.

நம்பலாம் என்று தலையாட்டினேன்.

மறுவாரம் ரோஸ் அக்கா வந்தார் பார். அங்கேதான் வந்தது வினை. கீழ் டிவிஷனில் உனக்கு எதிராக ஆடிய ரோஸ் அக்கா, இப்போது தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். உனக்கு முன்னால் சுவரில் இருந்தது அவர் பெயர்தானே, முப்பது கூடையோடு. தேன்மொழியின் ஆட்டத்தைக் கொண்டாடிக் கேக் வெட்டி முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, சண்ட நடக்குதாமே. கேட்டுக்கோ. அந்தக் கடைசிப் பந்து என் கையில இருந்துச்சுடா."

"அப்ப மணி?"

"ஒங்கக்கா எகிறிக் குதிச்சு கையால தட்டுனா. எனக்கு ஒரு முழ தூரத்துல. நான் பாத்தத அவளும் பாத்துட்டா. சிரிக்கிறா, கண்ணுல தண்ணியும் நிக்குது."

"நீங்க ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள லெம்பா பெர்த்தாமுல காய்கறித் தோட்டத்து வீடு. மாமியார்க்காரி பந்தெல்லாம் தொட விடுவாளா? எனக்கு அடுத்த வருசமும் ஆட்டம் இருந்துச்சு, அவளுக்கு இல்ல. போவுதுன்னு விட்டுட்டேன்லா. இப்ப என் பேர அந்தச் சுவத்துல எழுதின, நானே வந்து சுரண்டிப் போட்டுடுவேன், ஆமா!"

அக்கா, எனக்குக் கோபமா, சிரிப்பா, அழுகையா என்றே தெரியவில்லை. கோலிக் குண்டு விளையாட்டில் நான் ஒரு விரல் தள்ளி வைத்தாலே காதைத் திருகுவாயே, நீயா இப்படிச் செய்தாய்? அவ்வளவு ஆசையா உனக்கு? கல்யாணத்துக்குச் சரி என்று நீதான் சொன்னாய், புடவையும் நீதான் பார்த்து எடுத்தாய். மனசுக்குள் இப்படி ஒன்று இருந்தது எனக்கு ஏன் தெரியாமல் போனது? நான் சுவரோரம்தானே இருந்தேன்.

அதைவிடப் பெரிய குழப்பம், இதைத் தேன்மொழியிடம் சொல்வதா வேண்டாமா என்பது. சொன்னால் அவள் பெயர் சுவரில் ஏறும், ஆனால் அவள் மனசில் இருக்கிற நீ இறங்கிவிடுவாயோ? சொல்லாவிட்டால், அவள் வியர்வை சிந்திப் போட்ட கூடைக்கு நான் செய்கிற துரோகம் இல்லையா? லோரி ஓட்டும்போதும் இதே நினைப்பு. ரிங்லெட்டில் திரும்ப வேண்டிய வளைவைத் தாண்டிப் போய், முழு லோரியைத் திருப்ப இடம் இல்லாமல் ஹாரன் சத்தம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை திடலில் வைத்தே சொல்லிவிட்டேன். அவள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கையாலயா?" என்றாள்.

"ஆமா கண்ணு."

"அம்மாவா?"

சிரிக்க ஆரம்பித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு! நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குப் புரியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன், வெட்கமென்ன.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தைக் கீழே வைத்தாள். மணிக்கு நேராக ஓடி வந்து எகிறினாள். எட்டவில்லை. மறுபடி எகிறினாள். ஒரு சாண் குறைந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தபடியே நின்றாள்.

"மாமா, எவ்வளவு உயரம் பாருங்க! எப்படி மாமா குதிச்சாங்க?"

"தெரியலியேமா."

"சுவரத் தொடாதீங்க. இந்த மணிய நான் கையால தட்டுற அன்னைக்கு என் பேர எழுதுங்க. அதுவரைக்கும் அம்மா பேரு இருக்கட்டும். ஊருக்கும் எழுதிச் சொல்லிடுங்க, மறைக்க வேணாம். அம்மாவே சிரிச்சிருப்பாங்க."

அதனால்தான் எல்லாரும் படிக்க இதை எழுதுகிறேன். கணக்குக் கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும். உன்னுடையது முப்பதுதான் அக்கா. ஆனால் அந்த மணியைத் தொட்டவள் இந்தத் தோட்டத்தில் இன்றுவரை நீ ஒருத்திதான். இதில் எது பெரிது என்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

வேலை முடிந்து வந்ததும் உன் மகள் திடலுக்குப் போய்விடுகிறாள், குதிக்க. நான் சுண்ணாம்புக் கட்டியோடு போய் உட்கார்ந்துகொள்கிறேன். என்றைக்காவது பனிக்குள்ளிருந்து மணி கேட்கும். பந்தா, கையா என்று கேட்காமல் கோடு போடுவேன். இந்தத் தடவை நேராகப் போடுவேன். இது சத்தியம்.

உன் குட்டு வாங்கி வளர்ந்த தம்பி,
முருகையா