கிட்டாரோட கழுத்துன்னு சொல்றதுக்குள்ள

என்னங்க,

உங்ககூட இன்னும் பேசறதா இல்ல. அதான் எழுதி வச்சிட்டு வேலைக்குப் போறேன். கிட்டாரை வெயில்ல வச்சு நான்தான் கெடுத்தேன்னு நீங்க சொன்னதை மறக்கல.

காலையில அம்மா போன் பண்ணாங்க. கல்யாணமானதுல இருந்து இல்லாத அதிசயமா, "அவரு எப்படி இருக்காரு?"ன்னு கேட்டாங்க. இருந்த கோவத்துல, "கழுத்து வளைஞ்சு போச்சுன்னு பொலம்பிக்கிட்டு இருக்காரு"ன்னேன். கிட்டாரோட கழுத்துன்னு சொல்றதுக்குள்ள அழுதுகிட்டே போனை வச்சிட்டாங்க. இப்ப தம்பி கமலக்கண்ணன் சொல்றான், சுளுக்கு எடுக்கிற ஆதிமூலத்தைக் கூட்டிக்கிட்டு வீராம்பட்டினத்துல பஸ் ஏறிட்டாங்களாம். நம்ம வாசப்படியை மிதிக்கவே மாட்டேன்னு சொன்ன அம்மா!

அதனால உண்மையைச் சொல்லிடாதீங்க. கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சே வச்சுக்கங்க. ஆதிமூலம் ஒரு திருப்பு திருப்பினதும் "சரியாப் போச்சு"ன்னு கத்திடுங்க. இல்லன்னா மறுபடியும் திருப்புவாரு. மீன் கொழம்பு அடுப்பு மேல இருக்கு, அவங்களுக்கும் போடுங்க.

வளைவை நிமிர்த்தறேன்னு கிட்டார் மேல நீங்க ஏத்தி வச்ச அம்மிக்கல்லை எடுத்துட்டேன். நேத்து கிட்டார் கடையில கேட்டேன். கம்பியைத் தளர்த்திட்டு, உள்ள இருக்கிற திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்கினா நிமிர்ந்துடுமாம். அவங்க போனப்புறம் பாருங்க.

துர்கா

இன்னொண்ணு. கழுத்து நிமிர்ந்தா உங்களுக்கு மொட்டை போடறதா அம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்களாம். தோள் வரைக்கும் வளர்த்த முடி, எனக்குத் தெரியும். ஆனா வேண்டிக்கும்போது "என் மாப்ளை"ன்னு சொன்னாங்களாம்ங்க.