உறையும் நேரம்

பிப்ரவரி 9, திங்கள்

ஆய்வகத்தில் ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் இயந்திரம் காலையிலேயே மக்கர் செய்தது. ஊசியைக் கழற்றிக் கழுவி மாட்டுவதற்குள் முப்பது குழாய்கள் சேர்ந்துவிட்டன. பதினொன்றரைக்குப் பிரசவ வார்டிலிருந்து தங்கை வீட்டுக்காரர் போன்: "மச்சான், பையன்!" மூன்றாம் மாடிக்கு ஓடினேன். மூன்று கிலோ நூறு கிராம். முகத்தைச் சுளித்துக்கொண்டே தூங்குகிறது. பொடிசு என்று கூப்பிடப் போகிறேன்.

நர்ஸ் வைட்டமின் கே ஊசியோடு வந்தார். "நல்லாத்தானே இருக்கான், வந்த அன்னைக்கே எதுக்குங்க குத்தணும்?" என்றார் மாப்பிள்ளை. தங்கை என்னைப் பார்த்தாள். "நீ என்னண்ணா சொல்ற?"

"உங்க குழந்தை, உங்க இஷ்டம்."

அவள் கர்ப்பமாக இருந்தபோது எதற்கெடுத்தாலும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். "மச்சான் வந்தா வீடே ஆஸ்பத்திரி ஆயிடுது" என்று மாப்பிள்ளை ஒருநாள் எல்லார் முன்னாலும் சிரித்தார். அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை. ஊசி வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிப்ரவரி 26, வியாழன்

பொடிசுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். எடை நன்றாக ஏறுகிறது.

மார்ச் 14, சனி

தங்கை போன் செய்தாள். பொடிசின் மூக்கில் துளி ரத்தமாம். "தொடச்சதும் நின்னுடுச்சுண்ணா." நகம் பட்டிருக்கும் என்றேன். வைத்த பிறகு ஒரு மாதிரி இருந்தது. திரும்பக் கூப்பிடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மதியம் இரண்டே முக்காலுக்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்தது. சீட்டில் தங்கையின் பெயர், பக்கத்தில் 'குழந்தை'. யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, வாந்தி, பிறகு வலிப்பு என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

பதின்மூன்று வினாடியில் உறைய வேண்டியது. இயந்திரம் நூற்றிருபது வரை எண்ணிவிட்டு, உறையவில்லை என்று நின்றது. மறுபடியும் மக்கர் என்று நம்பப் பார்த்தேன். கையால் செய்தேன். வெந்நீர்த் தொட்டி, கண்ணாடிக் குழாய், கடிகாரம். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. தட்டணுக்கள் சரியாக இருந்தன.

குழந்தைகள் டாக்டரைக் கூப்பிட்டேன். "டாக்டர், பொறந்தப்ப வைட்டமின் கே போடல. வேணாம்னு எழுதிக் கொடுத்தாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"மூளையில வலது பக்கம் கசிஞ்சிருக்கு. ஊசி இப்பவே போடறோம், பிளாஸ்மாவும் ஏத்தறோம். அடுத்த ரத்தம் வரும், இருங்க."

நாலரைக்கு வந்தது. இருபத்தொரு வினாடி. எண்ணை எழுதிவிட்டு அடுத்த நோயாளியின் குழாயை எடுத்தேன்.

மார்ச் 18, புதன்

காலை மாதிரியில் பதினான்கு. நேற்றைய இருபத்தொன்று இரவல், யாரோ கொடுத்த பிளாஸ்மா. இன்றைய பதினான்கு பெரும்பாலும் பொடிசின் சொந்தம்.

அவன் ஈரல் நேற்றும் உறைவுப் புரதங்களைச் செய்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் அரைகுறை. அந்தப் புரதங்களின் ஒரு முனையில் குளுட்டாமிக் அமிலம் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நொதி கரியமில வாயுவைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். நாம் மூச்சில் வெளியே விடும் அதே வாயு. ஒட்டினால்தான் அந்த இடத்துக்குக் கால்சியத்தைப் பிடிக்கும் பிடி வரும். கால்சியம் இருந்தால்தான் புரதம் காயத்தில் போய் உட்காரும். இந்த வேலைக்கு நொதிக்குத் துணை வைட்டமின் கே. பிறந்த குழந்தையிடம் அது மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் அப்படித்தான். அது இல்லையென்றால் புரதம் இருக்கும், பிடி இருக்காது. காயத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வருடா வருடம் இதைச் சொல்கிறேன். மூன்றாம் மாடியில் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

மார்ச் 20, வெள்ளி

வார்டுக்குப் போனேன். வலிப்பு நின்றுவிட்டது. தங்கை நாற்காலியை விட்டு எழவில்லை.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"ஆகலாம்னு தெரியும்."

"அப்புறம் ஏன் வாய மூடிட்டு நின்ன?"

மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "நான்தானே வேணாம்னேன், அவர எதுக்கு..."

"நீங்க பேசாதீங்க. உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இவனுக்குத் தெரியும். சண்ட போட்டாவது போட வச்சிருக்க வேணாமா?" என்னைப் பார்க்காமல், "போண்ணா" என்றாள்.

வந்துட்டேன். ரோசம். ஒரு கிண்டலுக்காக, வெறும் ரோசம் — ச்சே.

ஏப்ரல் 2, வியாழன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளைதான் போனில் சொன்னார்.

ஜூன் 11, வியாழன்

மாப்பிள்ளை ஆய்வகத்துக்கு வந்தார். பொடிசுக்கு இடது கையில் வலு குறைவாம், வாரம் இரண்டு நாள் பயிற்சி. "அந்த மெஷின் எதுங்க மச்சான்?" காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது."

"டீ குடிக்கலாம் வாங்க" என்றேன்.

செப்டம்பர் 27, ஞாயிறு

மூன்று மணிக்குத் தங்கை வந்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. செருப்பைக் கழற்றாமலே பொடிசை என் மடியில் வைத்தாள். துணிப்பையைப் பக்கத்தில் வைத்தாள். மாற்றுத்துணி, பால் புட்டி. இப்போது சாய்மானம் இருந்தால் உட்காருகிறான். என் கண்ணாடியை வலது கையால் பிடித்து இழுத்தான். இடது கை கொஞ்சம் பொறுத்துப் பின்னாலேயே வந்தது.

"ஆறு மணிக்கு வரேன்" என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "அதுக்குள்ள இவனுக்கு ஏதாவதுன்னா உனக்குச் சரின்னு படறதச் செஞ்சுடு. என்னக் கேட்டுக்கிட்டு நிக்காத."

ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டாள். பொடிசு தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.