கட்டை போடவே பழகிய லொறிச் சாரதியின் மனு

அனுப்புநர்:
சே. சுமன் (வயது 19),
ஆற்றோர ஒழுங்கை,
கட்டுகஸ்தோட்டை.

பெறுநர்:
தொழிற்பயிற்சி மேற்பார்வை உத்தியோகத்தர் அவர்கள்,
கண்டி.

பொருள்: ஹேண்ட்பிரேக் பிடிக்காத பயிற்சி லொறியை வரும் திங்கட்கிழமைக்கு முன் நிறுத்தும்படியும், ஏற்றத்தில் ஓட்டிப் பழக எனக்கு ஒரு வாய்ப்புத் தரும்படியும் கோருவது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. இலகு ரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுள்ள நான், தங்கள் அலுவலகத்தின் உதவியோடு கட்டுகஸ்தோட்டையில் ஒரு தனியார் நிலையம் நடத்தும் லொறிச் சாரதிப் பயிற்சியில் நான்கு மாதமாகப் பயின்று வருகிறேன். நிலையத்தின் பெயரைத் தனித்தாளில் எழுதி, மடித்து, ஒட்டி இணைத்துள்ளேன். இந்த மனு தங்கள் மேசைக்கு வருமுன் வேறு எந்தெந்த மேசையில் இளைப்பாறும் என்று தெரியாததால் இந்த முன்னெச்சரிக்கை.

2. நான் கதை விடுகிறவன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அது பொய் என்று எழுதினால் அதையும் ஒரு கதை என்பார்கள். லொறிக்கு ஹேண்ட்பிரேக் இல்லை என்று வீட்டில் சொன்னபோது, "ஒன் வாய்க்கே பிரேக் இல்ல, லொறிய கொற சொல்ல வந்துட்டியா?" என்று அக்கா டிலானி கேட்டாள். ஆகவே வாயை நம்பாமல் பேனாவைப் பிடித்திருக்கிறேன். இதை வாசிக்கும்போது தங்களுக்கு எங்காவது சிரிப்பு வந்தால் சிரியுங்கள் ஐயா; ஆனால் சிரித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

3. பயிற்சி லொறியின் கால் பிரேக் பிடிக்கும்; ஹேண்ட்பிரேக் பிடிக்காது. சமதரையில் இது தெரியாது. ஆனால் கண்டியில் சமதரை என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே மறந்துபோய் விட்ட இடம்தானே. ஏற்றத்தில் நிறுத்திய லொறியை மீண்டும் எடுக்கும்போது, பிரேக்கிலிருந்து கால் எழுந்ததும் வண்டி பின்னால் சரியும். அதைத் தடுக்கப் பயிலுநர்களில் ஒருவர் பின்தட்டிலிருந்து குதித்துப் பின் சக்கரத்தின் கீழ் மரக்கட்டை வைக்க வேண்டும். லொறி மேலே நகர்ந்ததும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தொற்றி ஏற வேண்டும். எங்கள் நிலையத்தில் ஏற்றப் பயிற்சி என்பது இதுவே.

4. முதல் முறை ஏற்றத்தில் லொறி சரிந்தபோது யாரும் சொல்லாமலே நான் குதித்துக் கட்டையைப் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அடுத்த தடவையும் குதித்தேன். அதற்கடுத்த தடவை, என்னை ஆசனத்தில் உட்கார விடுங்கள் என்று கேட்டபோது, எங்கள் பயிற்றுநர் இராமையா மாஸ்டர், "மத்தவன் குதிச்சா லொறி யோசிக்குது, நீ குதிச்சாத்தான்டா நிக்குது. நீதான்டா நம்ம ஹேண்ட்பிரேக்கு" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் கெட்டவர் அல்ல. தனக்குக் கொடுத்த லொறியை வைத்துக்கொண்டு அவரும்தான் பயந்து பயந்து மேடு ஏறுகிறார். நிலைய முதலாளியிடம் கேட்கும்போதெல்லாம், "சாமான் கொழும்புல இருந்து வருது" என்பது பதில். கொழும்பிலிருந்து நடந்து வந்திருந்தாலும் இதற்குள் வந்து, குளித்து, சாப்பிட்டிருக்கும்.

இவ்வாறாக நான் வளவுக்குள் சமதரையில் ஓட்டினேன், பாலத்தடியில் நெரிசலில் ஓட்டினேன், பேராதனை வரை போய் வந்தேன். ஏற்றத்தில் மட்டும் ஒரு தடவைகூடச் சாரதி ஆசனத்தில் இருந்ததில்லை. வாழ்க்கைக்கு முட்டுக்கட்டை விழுந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு முட்டுக்கட்டையே பிழைப்பாகிவிட்டது.

5. கடந்த மாதம் மழை நாளொன்றில், என்னோடு பயிலும் லோஜினி லொறியை ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் குழுவில் அவள் ஒருத்தியே பெண். நான் வைத்த கட்டை ஈர இலையில் வழுக்கித் தெறித்தது. அவள் கால் மீண்டும் பிரேக்கைத் தேடுவதற்குள் லொறி பின்னால் வந்தது. நான் பக்கவாட்டில் நின்றிருந்ததால் சக்கரம் என் காலுக்கு அருகே உருண்டுபோய் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்தில் ஒரு வீட்டின் கூரை. அதன் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். லோஜினி கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க முடியாமல் இருந்தாள். நான் அவளைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லப் பார்த்தேன்; முதல் தடவையாக எனக்கு ஒன்றும் வரவில்லை.

6. இனி வேலை பற்றி. கண்டியில் விசாரித்த இடங்களில் எல்லாம் அனுபவம் கேட்டார்கள். அனுபவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், லொறி ஓட்டினால் கிடைக்கும் என்கிறார்கள். கடைசியாகக் கெலிஓயாவில் சீமெந்து, ஓடு, கம்பி விற்கும் ஜமால்தீன் ஹாஜியார் மட்டும், "புது ஆளா இருந்தாப் பரவால்ல, ஓட்டிக் காட்டு மகன்" என்றார். அவருடைய சாரதி ஃபாஸில் நானா அடுத்த வாரம் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போகிறார். அந்த இடம்தான் காலி.

சோதனை ஓட்டத்துக்கு லொறியில் சீமெந்து ஏற்றினார்கள். ஃபாஸில் நானா பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக்குப் பின்னால் களஞ்சியத்துக்குப் போகும் மேட்டின் நடுவில், "இப்ப நிப்பாட்டு, மறுக எடு" என்றார். நான் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். இழுத்த கையோடு கதவைத் திறந்து கீழே குதித்து, பின் சக்கரத்தடியில் போய்க் குனிந்து கட்டையைத் தேடினேன்.

சாரதி நான்தான் என்பது சக்கரத்தைத் தொட்ட பிறகே நினைவுக்கு வந்தது, ஐயா. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபாஸில் நானா ஒரு கையால் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி ஜன்னலால் தலையை நீட்டி, "எங்க தம்பி போற? வழியில எறங்குறதுக்கு இது பஸ்ஸா?" என்று கத்தினார். மூட்டை ஏற்றியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊரைச் சிரிக்கவைத்துப் பழகியவன் நான்; அன்று நான் எதையும் செய்துகாட்டாமலே சிரித்தார்கள்.

மீண்டும் ஏறி உட்கார்ந்தேன். அந்த லொறியின் ஹேண்ட்பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. என் கண்ணுக்கு அது தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பின்னால் போய்விடும் என்றே கால் நம்பிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றது. மறுபடியும் நின்றது. நான்கு மாதப் பயிற்சி எனக்கு உறுதியாகக் கற்றுக்கொடுத்தது அந்தப் பயத்தைத்தான்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. "திங்கக்கெழம காலைல ஒருக்கா வா. ஃபாஸில் போக முன்ன பாப்பம். சீட்ல இரிக்கப் பழகிட்டு வா" என்றார். இப்படி இன்னொரு தடவை அழைக்கிறவர் கண்டியில் வேறு யாரும் எனக்கு இல்லை.

7. இதற்கிடையில் நிலைய முதலாளி என்னைக் கூப்பிட்டு, பயிற்சி முடிந்ததும் அங்கேயே உதவியாளராகச் சேரும்படி சொன்னார். என்ன வேலை என்று கேட்டேன். அடுத்த குழுவுக்குக் கட்டை போடும் வேலை. வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னேன். "அப்ப புதுசா வந்த பையனுக்குக் கத்துக் குடுத்துட்டுப் போ" என்றார்.

அந்தப் பையனின் பெயர் அனோஜன். வவுனியாவிலிருந்து வந்து இங்கே மாமா வீட்டில் தங்கியிருக்கிறான். மேடு பார்த்து வளராதவன். நேற்று வளவுக்குள் கட்டையை அவன் கையில் கொடுத்து, வைத்துக் காட்டச் சொன்னேன். அவன் போய்ச் சக்கரத்துக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்தான். "அங்க இல்லடா, சைட்ல!" என்று இழுத்துவிட்டேன். "சரி அண்ணை, விளங்கிட்டுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவையும் நேர் பின்னால் போய்த்தான் குந்தினான். அது நின்றுகொண்டிருந்த லொறி என்றபடியால் இந்த மனுவை எழுத எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை புதுக் குழு முதல் தடவையாக மேட்டுக்குப் போகிறது.

8. ஆகவே, ஐயா, நான் பணிவோடு கேட்பவை:

(அ) தங்கள் வாகனப் பரிசோதகர் ஒருவரை நாளை, வெள்ளிக்கிழமை, நிலையத்துக்கு அனுப்பி, ஹேண்ட்பிரேக் சரிசெய்யப்படும்வரை அந்த லொறியை மேட்டுக்கு விடாமல் நிறுத்துங்கள். யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. இராமையா மாஸ்டரின் வேலைக்கு எதுவும் வந்துவிட வேண்டாம்.

(ஆ) எங்கள் குழுவில் ஒவ்வொருவரையும், லோஜினியையும் சேர்த்து, சுமையேற்றிய நல்ல லொறியில், ஏற்றத்தில், ஆசனத்தில் இருந்து பழகவிட்ட பிறகே சான்றிதழ் தரச் சொல்லுங்கள்.

(இ) சனி அல்லது ஞாயிறு, எங்காவது ஒரு நல்ல லொறியில், ஒரு மேட்டில், ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்குமானால் போதும். அது முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். (அ)வை மட்டும் விடாதீர்கள்.

இதைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமை கடந்துவிடும் என்பதால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். தாங்கள் லொறியை நிறுத்திவிட்டால், அன்று காலை நான் கெலிஓயாவுக்குப் போய், கால் நம்ப மறுத்தாலும் ஆசனத்தைவிட்டு இறங்காமல் இருந்து பார்ப்பேன். நிறுத்தாவிட்டால், ஹாஜியாருக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, அனோஜனை முன்னால் உட்காரவைத்துவிட்டு, நான்தான் பின்தட்டில் ஏற வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமைக்கு முன் தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,

(ஒப்பம்) சே. சுமன்

இடம்: கட்டுகஸ்தோட்டை
திகதி: 2025.06.12, வியாழக்கிழமை